சர்க்கரையைப் பிடிக்கும் களத்தில் ஒரு மாற்றம்: தசை, மூளை, கண் மூன்றும் பாதிக்கப்பட்ட குழந்தையின் நிகழ்வு ஆய்வு

மரபணுப் பரிசோதனை அறிக்கையில் ‘முக்கியத்துவம் உறுதியாகாத மாற்றம்’ என்ற வரி வந்தால், அந்தத் தாளைக் குடும்பத்தின் கையில் கொடுத்து, சில ஆண்டுகள் கழித்து வந்து பாருங்கள் என்று சொல்லி அனுப்புவதே பல இடங்களில் வழக்கமாக இருக்கிறது. இங்கே பதிவு செய்யப்படும் நிகழ்வில் அப்படிச் சொல்ல இடம் இருக்கவில்லை. அறிக்கை கைக்கு வந்த நாளில் குழந்தையின் தாய் ஏழு வார கர்ப்பிணியாக இருந்தார். மாற்றம் இருந்த இடமோ, நொதியின் வினை நடக்கும் பகுதிக்கு வெளியே, சர்க்கரையை அடையாளம் கண்டு பிடித்துக்கொள்ளும் ஒரு சிறு களத்தில், அதாவது புரதத்தின் தனியாக மடிந்த ஒரு பகுதியில், இருந்தது. அந்தக் களம் என்ன செய்கிறது, அது பழுதானால் மூளையில் நரம்பு செல்கள் ஏன் வழி தவறுகின்றன என்பதைப் புரிந்துகொண்டால் மட்டுமே குடும்பத்துக்கு ஒரு பதில் சொல்ல முடியும் என்ற நிலை இருந்தது. குடும்பத்தின் அடையாளம் வெளிப்படாதபடி சில விவரங்கள் மாற்றித் தரப்பட்டுள்ளன.

வந்தபோது இருந்த நிலை

வடசென்னையில் காசிமேட்டை அடுத்துக் குடியிருக்கும் பெற்றோர், ஒன்றேகால் வயதான தங்கள் பெண் குழந்தையை எங்கள் குழந்தை நரம்பியல் பிரிவுக்கு அழைத்து வந்தனர். தந்தை விசைப்படகு இன்ஜின் மெக்கானிக். அவர் தாய்க்கு அத்தை மகன். இரு தரப்பிலும் இதுபோன்ற நோய் யாருக்கும் இருந்ததாகச் சொல்லவில்லை. குழந்தையை மடியில் வைத்திருந்த பாட்டிதான் முதலில் பேசினார்: “புள்ளைக்கு இன்னும் கழுத்தே நிக்கல டாக்டரம்மா. தூக்கினா தலை பின்னாடி சாயுது. வெளக்கக் காட்டினாக்கூடப் பாக்க மாட்டேங்குது.” நோய் வரலாறு முழுவதும் ஏறக்குறைய அந்த மூன்று வாக்கியங்களில் அடங்கியிருந்தது.

அவர்கள் கொண்டு வந்த கோப்பில், பிரசவ நேரத்து மூச்சுத்திணறலால் வந்த பெருமூளை வாதம் என்று முன்பு பார்த்த ஓரிடத்தில் எழுதப்பட்டிருந்தது. ஆனால் குழந்தை நிறைமாதத்தில் பிறந்திருந்தது, பிறந்த உடனே அழுதிருந்தது, இன்குபேட்டரில் வைக்கவே இல்லை. கர்ப்ப காலத்தில் அசைவு குறைவாக இருந்ததாகத் தாய் சொன்னார். மூச்சுத்திணறல் என்ற முடிவுக்கு இந்த வரலாற்றில் எந்த ஆதாரமும் இல்லை.

கோப்பில் இன்னொரு தாளும் இருந்தது. குழந்தையின் ஆறாம் மாதத்தில் காய்ச்சலுக்காக எடுத்த ரத்தப் பரிசோதனையில் எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி என்ற நொதிகள் இரண்டும் பல மடங்கு உயர்ந்திருந்தன. கல்லீரல் வீக்கம் என்று சொல்லப்பட்டு வயிற்று ஸ்கேனும் எடுக்கப்பட்டிருந்தது. பாட்டி கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து கொடுத்து வந்திருக்கிறார். அதே தாளில் பிலிருபினும் காமா ஜிடியும் இயல்பாக இருந்ததை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. எஸ்ஜிஓடியும் எஸ்ஜிபிடியும் கல்லீரலில் மட்டும் இருப்பவை அல்ல, தசையிலும் இருப்பவை. தசை செல்கள் சிதையும்போது இவை இரண்டும் ரத்தத்தில் ஏறும், ஆனால் காமா ஜிடி ஏறாது. தசை தளர்ந்த குழந்தையிடம் இந்த இரண்டும் காரணமின்றி உயர்ந்திருந்தால் அடுத்து எழுத வேண்டியது, தசைச் சிதைவைக் காட்டும் நொதியான சிபிகேயின் பரிசோதனை. சில நூறு ரூபாயில் எந்தத் தெருமுனை ஆய்வகத்திலும் அதைச் செய்துவிடலாம். ஒன்பது மாதங்களுக்கு முன்பே அதைச் செய்திருந்தால் இந்தக் குடும்பத்தின் அலைச்சலில் பெரும்பகுதி குறைந்திருக்கும் என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

எங்களிடம் செய்தபோது சிபிகே மூவாயிரம் அலகைத் தாண்டியிருந்தது. இயல்பான அளவு சுமார் இருநூறுக்குள் அடங்கும். கை, கால், உடற்பகுதி மூன்றிலும் தளர்ச்சி இருந்தது, கணுக்கால் மூட்டுகள் சற்று இறுகத் தொடங்கியிருந்தன. முகத்தைப் பார்த்துச் சிரிக்கவில்லை, ஆனால் தாயின் குரலுக்கு அமைதியானது. கண் பரிசோதனையில் மிகக் கடுமையான கிட்டப்பார்வையும் விழித்திரையில் வெளிறிய பகுதிகளும் காணப்பட்டன. தசை, மூளை, கண் ஆகிய மூன்றும் ஒரே குழந்தையிடம் சேர்ந்து பாதிக்கப்பட்டிருப்பது தற்செயலாக நேரக்கூடியது அல்ல.

எம்ஆர்ஐ

மூளை எம்ஆர்ஐ படத்தில் நெற்றிப் பகுதியின் மேற்பரப்பு, இயல்பான மடிப்புகள் இல்லாமல் சிறுசிறு முண்டுகளாக இருந்தது. மூளைத்தண்டின் நடுப்பகுதியான பான்ஸ் தட்டையாக இருந்தது. சிறுமூளையின் ஓரங்களில் நுண்ணிய நீர்க்கட்டிகள் தெரிந்தன. வெண்பொருளில் திட்டுத்திட்டாக மாற்றங்கள் இருந்தன. மேற்பரப்பு இப்படி முண்டுகளாக இருப்பதே நரம்பியலில் கூழாங்கல் வகைக் குறைபாடு என்று அழைக்கப்படுகிறது. இந்த நான்கும் உயர்ந்த சிபிகேயும் கண் பாதிப்பும் சேர்ந்தால் மருத்துவர் மனத்தில் எழ வேண்டிய நோய்த் தொகுதி ஒன்றுதான்: டிஸ்ட்ரோகிளைக்கன் என்ற புரதத்தின் மேல் ஏற வேண்டிய சர்க்கரைச் சங்கிலி சரியாக ஏறாததால் வரும் பிறவித் தசைச் சிதைவு நோய்கள்.

இந்த மேற்பரப்பு எப்படி உருவாகிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்வது அவசியம். கருவின் மூளையில் நியூரான்கள் ஆழத்தில், நீர்க்குழிகளை ஒட்டிய அடுக்கில் பிறக்கின்றன. அங்கிருந்து மேற்பரப்பை நோக்கி ஏறி, தத்தம் அடுக்கில் நின்றுவிட வேண்டும். ஏறுவதற்கு வழிகாட்டியாக நீண்ட ஆரக் கிளியா செல்கள் அடியிலிருந்து மேல்வரை நீண்டிருக்கின்றன. அவற்றின் பாதங்கள் மூளையின் வெளி எல்லையாக இருக்கும் மெல்லிய அடித்தளச் சவ்வில் ஊன்றியிருக்கின்றன. அந்தச் சவ்வு முழுமையாக இருக்கும் வரை நியூரான்கள் அதற்குள் நின்றுவிடும். சவ்வில் ஓட்டைகள் விழுந்தால் அவை எல்லையைக் கடந்து, மூளையைச் சுற்றியுள்ள நீர்வெளிக்குள் வழிந்து, அங்கேயே தங்கிவிடுகின்றன. எம்ஆர்ஐயில் நாம் பார்க்கும் முண்டுகள் இப்படி எல்லை மீறிப் போய்விட்ட நியூரான்களின் திரட்சிதான்.

இந்தக் குடியேற்றத்தின் பெரும்பகுதி கர்ப்பத்தின் நான்காம், ஐந்தாம் மாதங்களில் நடக்கிறது. அந்தப் பருவத்து மனித மூளையை நுண்ணோக்கி அளவில் காட்டும் படத்தொகுப்பு ஒன்று நம் ஊரிலிருந்தே வந்திருக்கிறது. சென்னை ஐஐடியின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் 2024 டிசம்பரில் வெளியிட்ட ‘தாரணி’ தொகுப்பில், இரண்டாம் மும்மாதக் கருக்களின் மூளைகளிலிருந்து எடுத்த 5,132 வெட்டுகள் எண்மப் படங்களாக வைக்கப்பட்டுள்ளன, யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம். இந்தக் குழந்தையின் பெற்றோருக்கு விளக்கும்போது, இயல்பான எல்லை எப்படி இருக்கும் என்பதைக் காட்ட இப்படிப்பட்ட தொகுப்பு பெரிதும் உதவுகிறது.

எம்ஆர்ஐ வந்த அதே வாரத்தில் மூன்று வேலைகள் ஒன்றாகத் தொடங்கப்பட்டன: மரபணுக்களின் புரதம் உருவாக்கும் பகுதிகளைப் படிக்கும் எக்ஸோம் பரிசோதனைக்குக் குழந்தை, தாய், தந்தை மூவரின் ரத்தம் அனுப்பப்பட்டது, தொடைத் தசையிலிருந்து ஒரு சிறு துண்டு எடுக்கப்பட்டது, அதே வெட்டிலிருந்து தோல் துண்டு ஒன்று செல் வளர்ப்புக்கு அனுப்பப்பட்டது. தசை நோய் உள்ள குழந்தைக்கு மயக்க மருந்து கொடுக்கும்போது தசையைத் தளர்த்தும் மருந்தான சக்சினைல்கோலினைத் தவிர்க்க வேண்டும் என்ற எச்சரிக்கை கோப்பின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதப்பட்டது. தோல் துண்டை முன்கூட்டியே எடுத்து வைத்ததுதான் பின்னால் எங்களைக் காப்பாற்றியது. செல்கள் வளர வாரக்கணக்கில் ஆகும், தேவைப்படும் நாளில் தொடங்கினால் போதாது.

மரபணு அறிக்கை

பாம்ஜிஎன்டி1 என்ற மரபணுவின் இரண்டு பிரதிகளிலும் ஒரே மாற்றம் இருப்பதாக அறிக்கை சொன்னது. ஓர் அமினோ அமிலத்தின் இடத்தில் வேறொன்று வந்திருந்தது. தாய்க்கும் தந்தைக்கும் தலா ஒரு பிரதியில் அது இருந்தது. பொது மக்கள்தொகைத் தரவுத்தளங்களில் அந்த மாற்றம் இல்லை, முன்பு எந்த நோயாளியிடமும் பதிவாகவும் இல்லை. அது ‘வினையூக்கக் களத்துக்கு வெளியே’ அமைந்திருப்பதாக ஒரு வரி சேர்த்து, அமெரிக்க மருத்துவ மரபியல் கல்லூரியின் 2015 வழிகாட்டி நெறிகளின்படி முக்கியத்துவம் உறுதியாகாத மாற்றம் என்று வகைப்படுத்தியிருந்தார்கள். நெறிகளின்படி அது சரியான வகைப்பாடே. ஆனால் ‘வினையூக்கக் களத்துக்கு வெளியே’ என்ற வரி, அந்த இடம் அவ்வளவு முக்கியமில்லை என்ற எண்ணத்தைப் படிப்பவரிடம் ஏற்படுத்திவிடுகிறது. இந்த மரபணுவைப் பொறுத்தவரை அந்த எண்ணம் தவறு.

பாம்ஜிஎன்டி1, செல்லுக்குள் புரதங்களைப் பதப்படுத்தும் கோல்கி உறுப்பில் வேலை செய்யும் நொதி. அதன் நீளம் 660 அமினோ அமிலங்கள். இதில் ஏற்படும் மாற்றங்களே ‘தசை-கண்-மூளை நோய்’க்குக் காரணம் என்பது 2001இல் ஜப்பானிய ஆய்வாளர்களால் கண்டறியப்பட்டது. அந்த நோய் 1970களில் முதலில் விவரிக்கப்பட்டது ஃபின்லாந்தில். அந்நாட்டு நோயாளிகளிடம் ஒரே மூதாதையரிடமிருந்து வந்த ஒரு மாற்றம் மிகுதியாகக் காணப்படுகிறது. தமிழ்நாட்டில் நிலைமை வேறு. தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்று, இங்கு ஏறத்தாழ 28 விழுக்காட்டுத் திருமணங்கள் ரத்த உறவுக்குள் நடப்பதாகக் காட்டியது. ஆகவே ஒவ்வொரு குடும்பமும் தனக்கே உரிய அரிய மாற்றத்தை இரு பிரதிகளிலும் பெற்ற குழந்தையோடு வருகிறது, உலகத் தரவுத்தளங்களில் அதற்கு இணை கிடைப்பதில்லை. நம் குடும்பங்களுக்கு ‘உறுதியாகாத மாற்றம்’ என்ற பதில் அதிகமாக வருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

சர்க்கரையைப் பிடிக்கும் களங்கள்

இந்த நொதியை மூன்று பகுதிகளாகப் பார்க்கலாம். ஒரு முனை கோல்கியின் சவ்வில் பதிந்திருக்கிறது. மறுமுனையில் வினை நடக்கும் பெரிய களம் இருக்கிறது. இரண்டுக்கும் இடையில் தண்டுப் பகுதி. கோல்கி நொதிகள் பலவற்றில் தண்டு என்பது களத்தைச் சவ்விலிருந்து தள்ளி நிறுத்தும் இணைப்பு மட்டுமே என்றுதான் நெடுநாள் கருதப்பட்டது. 2016இல் வெளியான படிக அமைப்பு ஆய்வு, பாம்ஜிஎன்டி1இன் தண்டு தனக்கென ஒரு முழுமையான மடிப்பைக் கொண்ட களம் என்றும், அது என்-அசிட்டைல்குளுக்கோசமைன் என்ற சர்க்கரையைக் குறிப்பாகப் பிடிக்கிறது என்றும் காட்டியது. எங்கள் குழந்தையின் மாற்றம் இந்தத் தண்டுக் களத்தில்தான் இருந்தது. இப்படிப்பட்ட அமைப்புகள் வெளியாகும் போதெல்லாம் அவற்றைச் சரிபார்க்க உதவும் ராமச்சந்திரன் வரைபடம், 1963இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பிறந்தது என்பதைச் சொல்லாமல் கடக்க மனம் வரவில்லை.

நொதி ஏன் சர்க்கரையைப் பிடிக்க வேண்டும்? டிஸ்ட்ரோகிளைக்கன் மீது சர்க்கரை ஏறும் வரிசையைப் பார்த்தால் இது விளங்கும். முதலில் செல்லுக்குள் இருக்கும் எண்டோபிளாச வலை என்ற உறுப்பில் மேனோஸ் என்ற சர்க்கரை புரதத்தில் பதிக்கப்படுகிறது. சில மேனோஸ்களின் மேல் பாம்ஜிஎன்டி1 ஓர் என்-அசிட்டைல்குளுக்கோசமைனைச் சேர்க்கிறது. அது குறுகிய கிளையாகவே நின்றுவிடும். வேறு சில மேனோஸ்களின் மேல் வேறு நொதிகள் வேறு விதமாகக் கட்டி, ஃபுகுடின், எஃப்கேஆர்பி ஆகிய இரண்டும் ரிபிட்டால் பாஸ்பேட்டைச் சேர்த்து, கடைசியில் லார்ஜ்1 என்ற நொதி சைலோஸும் குளுகுரானிக் அமிலமும் மாறி மாறி வரும் நீண்ட சங்கிலியை வளர்க்கிறது. இந்தச் சங்கிலிக்கு மேட்ரிகிளைக்கன் என்று பெயர். பாம்ஜிஎன்டி1 இந்த நீண்ட சங்கிலியில் ஒரு சர்க்கரையைக்கூட நேரடியாகச் சேர்ப்பதில்லை. ஆனாலும் அது பழுதானால் நீண்ட சங்கிலி கெடுகிறது. பல ஆண்டுகள் விளங்காமல் இருந்த இந்தப் புதிருக்குத் தண்டுக் களம் ஒரு விடை தருகிறது: அது சர்க்கரையைப் பிடித்து நொதியைப் புரதத்தின் சரியான இடத்தில் நிறுத்துகிறது, நொதியோடு சேர்ந்திருக்கும் ஃபுகுடினும் அதனால் தன் வேலை நடக்க வேண்டிய இடத்துக்கு வந்து சேர்கிறது என்பது 2016 ஆய்வுக் குழு முன்வைத்த விளக்கம். இந்த விளக்கத்தை ஏற்றால், வினையூக்கக் களம் முழுமையாக இருந்தும் தண்டு பிடி தவறினால் நோய் வரலாம்.

கோல்கிக்குள் ஒரு பிடி என்றால், செல்லுக்கு வெளியே இன்னொரு பிடி இருக்கிறது. மேட்ரிகிளைக்கன் சங்கிலி செல்லின் மேற்பரப்பில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. அதை அடித்தளச் சவ்விலுள்ள புரதங்களின் லாமினின்-ஜி களங்கள் பற்றிக்கொள்கின்றன. இந்தக் களத்தில் ஒரு கால்சியம் அயனி அமர்ந்திருக்கிறது. சங்கிலியிலுள்ள குளுகுரானிக் அமிலமும் சைலோஸும் அந்த அயனியைச் சுற்றி வந்து பொருந்துவதாக 2016இல் லாமினின்-ஆல்ஃபா2 களத்தின் அமைப்பிலிருந்து தெரிந்தது. சங்கிலி நீள நீளப் பிடி வலுப்பெறுகிறது, குட்டையானால் தளர்கிறது. லாமினின், அக்ரின், பெர்லிகன், நியூரெக்சின், பிகச்சூரின் என்று ஒரே வகைக் களத்தைக் கொண்ட பல புரதங்கள் இந்த ஒரே சர்க்கரையைத் தேடி வருகின்றன. தசையில் லாமினின் பிடி தளர்ந்தால் ஒவ்வொரு சுருக்கத்திலும் தசைச் சவ்வு கிழிகிறது, சிபிகே ரத்தத்தில் கசிகிறது. விழித்திரையில் பிகச்சூரின் பிடி தளர்ந்தால் ஒளி உணரும் செல்லுக்கும் அடுத்த செல்லுக்கும் இடையிலான இணைப்பு சரியாக அமைவதில்லை. மூளையில் ஆரக் கிளியாவின் பாதம் சவ்விலிருந்து நழுவுகிறது. மூளையில் மட்டும் டிஸ்ட்ரோகிளைக்கன் நீக்கப்பட்ட எலிகளில் இதே கூழாங்கல் மேற்பரப்பு உருவானதை 2002இல் வெளியான ஆய்வு காட்டியது. குழந்தையின் மூன்று உறுப்புகளும் ஏன் சேர்ந்து பாதிக்கப்பட்டன என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் தேவையில்லை.

நரம்பு இழைகளின் பாதையும் இதே சர்க்கரையைச் சார்ந்திருக்கிறது. வளரும் நரம்பு இழைகளான ஆக்ஸான்களை விலக்கி வழிநடத்தும் ஸ்லிட் என்ற புரதத்தின் ஒரு பகுதி ரோபோ என்ற ஏற்பியோடு சேர்ந்து ‘இங்கே வராதே’ என்ற சமிக்ஞையைத் தருகிறது. அதே ஸ்லிட்டின் வால்முனைப் பக்கம் ஒரு லாமினின்-ஜி களம் இருக்கிறது. அது டிஸ்ட்ரோகிளைக்கனின் சர்க்கரையைப் பிடித்துக்கொள்வதால்தான் ஸ்லிட் தான் இருக்க வேண்டிய இடத்தில் தங்குகிறது. 2012இல் அமெரிக்க ஆய்வாளர்கள், ஆக்ஸான் வழி தவறிய எலிகளைச் சலித்துத் தேடியபோது, சர்க்கரை ஏற்றத்துக்குத் தேவையான இரண்டு மரபணுக்களில் பழுது இருப்பதைக் கண்டனர். ஸ்லிட் புரதம் உற்பத்தியாகியும் அதைத் தாங்கிப் பிடிக்கும் சர்க்கரை இல்லாததால், தண்டுவடத்தில் எதிர்ப்பக்கம் கடக்கும் இழைகள் தடம் மாறிப் போயிருந்தன. இந்தக் கண்டுபிடிப்பு எலிகளுடையது. எங்கள் குழந்தையின் தட்டையான பான்ஸுக்கு ஆக்ஸான்களின் வழித்தவறலும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று எண்ண இடமிருக்கிறது, ஆனால் எம்ஆர்ஐ படத்தை மட்டும் வைத்து அதை முடிவாக எழுதுவது முறையாகாது.

தசைத் துண்டு சொன்னதும் சொல்லாததும்

தசைத் துண்டு திரவ நைட்ரஜனில் குளிரூட்டிய ஐசோபென்டேனில் உடனே உறைய வைக்கப்பட்டது. இது சரியாக நடக்காவிட்டால் பனித்துகள்கள் தசையைத் துளைத்துவிடும், பிறகு எந்தச் சாயமும் பயன்படாது. ஐஐஎச்6 என்ற எதிர்ப்பான் டிஸ்ட்ரோகிளைக்கன் புரதத்தைத் தேடுவதில்லை, அதன் மேலுள்ள மேட்ரிகிளைக்கன் சங்கிலியைத்தான் தேடுகிறது. குழந்தையின் தசையில் அந்தச் சாயம் அநேகமாக ஏறவே இல்லை. பக்கத்து வெட்டில் அதே புரதத்தின் சவ்வில் பதிந்த பாகமான பீட்டா-டிஸ்ட்ரோகிளைக்கனுக்கான சாயம் ஒவ்வொரு தசை நாரின் விளிம்பிலும் பளிச்சென்று வட்டமாகத் தெரிந்தது. புரதம் தன் இடத்தில் இருக்கிறது, சர்க்கரை மட்டும் இல்லை என்பது இதனால் உறுதியானது.

பலர் இந்தக் கட்டத்தில் முடிவுக்கு வந்துவிடுவார்கள். ஆனால் இந்தச் சான்று சொல்வது என்ன என்பதைக் கவனமாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். சர்க்கரை ஏற்றப் பாதை உடைந்திருக்கிறது என்று தசை சொல்கிறது. அதை உடைத்தது அறிக்கையிலுள்ள அந்த ஒரு மாற்றம்தான் என்று தசை சொல்லவில்லை. பதினைந்துக்கும் மேற்பட்ட மரபணுக்களில் எது பழுதானாலும் இதே வெற்று விளிம்புதான் தெரியும். அத்தை மகனை மணந்த தாயின் குழந்தைக்கு, மரபுத் தொகுதியில் சராசரியாகப் பதினாறில் ஒரு பங்கு இரு பிரதிகளிலும் ஒரே மாதிரி இருக்கும், அந்தப் பங்கில் வேறொரு பழுதும் மறைந்திருக்கலாம். எக்ஸோம் பரிசோதனை, மரபணுக்களின் நடுவேயுள்ள நீண்ட இடைவெளிகளைப் படிப்பதில்லை. தவிர, 2016இல் வந்த வேறு ஆய்வுகள், பாம்ஜிஎன்டி1இல் மாற்றம் இருந்தும் தசையோ மூளையோ பாதிக்கப்படாமல் விழித்திரை மட்டும் சிதைந்த பெரியவர்களைப் பதிவு செய்துள்ளன. ஆகவே மரபணுவின் பெயர் பொருந்துவது மட்டும் போதாது.

இந்த இடத்தில்தான் தோல் செல்கள் கைகொடுத்தன. குழந்தையின் தோலிலிருந்து வளர்த்த ஃபைப்ரோபிளாஸ்ட் செல்களிலும் ஐஐஎச்6 சாயம் ஏறவில்லை. அந்தச் செல்களில் ஒரு பங்குக்கு இயல்பான பாம்ஜிஎன்டி1 மரபணுவும், இன்னொரு பங்குக்குக் குழந்தையின் மாற்றம் உள்ள அதே மரபணுவும் செலுத்தப்பட்டன. இயல்பான மரபணு பெற்ற செல்களில் சாயம் திரும்ப ஏறியது. மாறிய மரபணு பெற்ற செல்களில் அது ஏறவில்லை. பழுதைச் சரியான பிரதியால் நிரப்பிப் பார்க்கும் இந்த வகைச் சோதனை புதிதல்ல, 2012இல் இதே நோய்த் தொகுதியின் இன்னொரு மரபணுவான ஐஎஸ்பிடியைக் கண்டறிய இதே தத்துவம் பயன்பட்டது. நொதியின் வினைவேகத்தை மட்டும் அளக்கும் சோதனையை நாங்கள் நாடவில்லை. தண்டுக் களத்தின் வேலை இடத்தைக் கண்டு பிடிப்பது என்றால், வினைவேகம் இயல்பாக வந்தாலும் அதிலிருந்து எதுவும் உறுதியாகாது, அது நம்மைத் தவறான பக்கம் திருப்பவும் கூடும்.

முடிவும் கர்ப்பமும்

தோல் செல் சோதனை, தசையின் சாயம், தரவுத்தளங்களில் மாற்றம் இல்லாமை, பெற்றோரிடம் தலா ஒரு பிரதியில் அது இருந்தமை, நோயின் குறிப்பான தோற்றம் ஆகியவற்றைச் சேர்த்து மரபியல் ஆய்வகத்தோடு மீண்டும் அமர்ந்து பேசியதில், அந்த மாற்றம் ‘நோய் விளைவிக்கக்கூடியது’ என்று மறுவகைப்படுத்தப்பட்டது. அப்போது தாய்க்குப் பதினோராம் வாரம் தொடங்கியிருந்தது.

தந்தை கேட்டது ஒரே கேள்வி: “பாப்பாவுக்கு வந்தது இந்தப் புள்ளைக்கும் வருமா சார்?” நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு என்று பதில் சொல்வது எளிது. ஆனால் அது இந்தக் கர்ப்பத்துக்கான பதில் ஆகாது. ஐந்தாம் மாத ஸ்கேனில் பார்த்துக்கொள்ளலாமே என்று உறவினர் ஒருவர் சொன்னார். மூளை மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்ட வகைகளில் ஸ்கேனில் தெரியக்கூடும். இந்தக் குழந்தையின் அளவிலான பாதிப்பு அந்த மாதத்தில் கண்ணில் படாமல் போக நிறைய வாய்ப்பு உண்டு. ஆகவே மறுவகைப்படுத்திய மாற்றத்தை நஞ்சுக்கொடித் திசுவில் நேரடியாகத் தேடுவதே சரி என்று விளக்கினோம். 1994ஆம் ஆண்டுச் சட்டம் மரபணு நோய்க்கான இந்தச் சோதனையை அனுமதிக்கிறது, கருவின் பாலினத்தைச் சொல்வதைத் தடை செய்கிறது. கருக்கலைப்புச் சட்டத்தின் 2021 திருத்தம் எந்த நிலையில் எதை அனுமதிக்கிறது என்பதும் அதே அமர்வில் விளக்கப்பட்டது. எந்த முடிவை எடுத்தாலும் மூத்த குழந்தையின் சிகிச்சையில் ஒரு குறையும் வராது என்பதையும் தனியாகச் சொன்னோம், ஏனென்றால் அந்தப் பயம் அவர்களிடம் இருந்தது.

பன்னிரண்டாம் வாரத்தில் திசு எடுக்கப்பட்டது. கருவில் ஒரு பிரதியில் மட்டும் மாற்றம் இருந்தது. அதாவது பெற்றோரைப் போல அதுவும் மாற்றத்தைச் சுமக்கும், நோய் வராது. கர்ப்பம் தொடர்ந்தது, குழந்தை நிறைமாதத்தில் பிறந்தது, மூன்றாம் மாதத்தில் கழுத்து நின்றது.

தொடரும் கவனிப்பு

மூத்த குழந்தைக்கு இப்போது மூன்று வயதாகிறது. முதுகுக்குத் தாங்கல் கொடுத்த நாற்காலியில் அரை மணி நேரம் உட்கார்கிறது. கண்ணாடி போட்ட பிறகு வண்ணப் பொருள்களின் பக்கம் தலை திருப்புகிறது. வலிப்பு வந்ததால் மருந்து தொடங்கப்பட்டிருக்கிறது. இந்த நோயில் கண் அழுத்தம் உயரக்கூடும் என்பதால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை கண் மருத்துவரிடம் அனுப்பப்படுகிறது. கணுக்கால் இறுகாமல் இருக்க இரவில் அணியும் ஸ்பிளின்ட் தரப்பட்டுள்ளது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் இயன்முறை சிகிச்சையாளர் வீட்டுக்கே வந்து பாட்டிக்குப் பயிற்சிகளைக் கற்றுக்கொடுத்திருக்கிறார். தசைச் சிதைவு நோய் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் பட்டியலில் இருக்கிறது. அதன் அடிப்படையில் அடையாள அட்டையும், மாநில அரசின் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகையும் கிடைத்துள்ளன. இவற்றுக்குத் தேவையான சான்றில் ‘பெருமூளை வாதம்’ என்ற பழைய வரியை நீக்கி நோயின் சரியான பெயரை எழுத வைப்பதற்கே தந்தை பல முறை அலைய வேண்டியிருந்தது.

நோயை மாற்றும் மருந்து இன்று இல்லை. ரிபிட்டாலை வாய்வழியாகக் கொடுக்கும் சிகிச்சை மனிதர்களிடம் மூன்றாம் கட்டச் சோதனை வரை சென்றிருக்கிறது என்ற செய்தியைப் படித்துவிட்டுத் தந்தை அதைப் பற்றிக் கேட்டார். அது எஃப்கேஆர்பி நொதி ஓரளவு வேலை செய்யும் நோயாளிகளுக்காக வடிவமைக்கப்பட்டது. அந்த நொதிக்கு வேண்டிய மூலப்பொருளைப் பெருக்குவதுதான் அதன் வழி. இந்தக் குழந்தைக்கு மூலப்பொருளில் குறை இல்லை. இதைச் சொல்வது எளிதாக இருக்கவில்லை, ஆனால் இணையத்தில் விற்கப்படும் பொடிகளுக்குக் குடும்பம் பணத்தைக் கரைக்காமல் இருக்க இதைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும்.

குடும்பத்தில் இன்னொரு பேச்சு நடந்துகொண்டிருக்கிறது. தாயின் தங்கைக்கும் தந்தையின் தம்பிக்கும் திருமணம் செய்வதாகப் பெரியவர்கள் ஏற்கெனவே பேசி வைத்திருக்கிறார்கள். இருவருமே மாற்றத்தைச் சுமப்பவர்களின் உடன்பிறப்புகள். ஒவ்வொருவரும் அதைச் சுமக்கும் வாய்ப்பு இரண்டில் ஒன்று. பரிசோதிக்காமல் மணந்தால் அவர்களுடைய ஒவ்வொரு குழந்தைக்கும் பதினாறில் ஒரு பங்கு ஆபத்து இருக்கிறது. இருவரில் ஒருவரிடமாவது மாற்றம் இல்லை என்று தெரிந்தால் இந்த நோயைப் பொறுத்தவரை அந்த ஆபத்து அநேகமாக முழுவதும் நீங்கிவிடும். ஒரே ஒரு இடத்தை மட்டும் பார்க்கும் சோதனை என்பதால் செலவும் குறைவு. மாற்றம் உறுதியாகாத வகையிலேயே விடப்பட்டிருந்தால் இந்தச் சோதனையை அவர்களுக்குப் பரிந்துரைத்திருக்கவே முடியாது. தங்கை ரத்தம் கொடுத்துவிட்டார், அவரிடம் ஒரு பிரதியில் மாற்றம் இருக்கிறது. அவருக்கு நோய் வராது என்பதையும், இது அவருடைய குறை அல்ல என்பதையும் அவர் தாயை உடன் வைத்துக்கொண்டு விளக்கினோம். தம்பி விசைப்படகில் ஆழ்கடலுக்குப் போகிறவர். ஏப்ரல் 15 அன்று மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியதும் வந்து ரத்தம் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்.